மூச்சு எங்க எடுப்ப?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை ஒத்திகையில், நான் எழுதிக்கொண்டு போயிருந்த பாட்டின் நாற்பதாவது பாரில் (பார் என்றால் பாட்டின் ஒரு தாளச் சுற்று) முதல் ட்ரம்பெட் வாசிப்பவர் வாத்தியத்தை மடியில் இறக்கி வைத்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. உதட்டைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, "இதற்கு மேல் வராது" என்றார். பள்ளிக்கூடங்களில் இசை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஐந்து பேரில் மூத்தவர், வாசிப்பிலும் மூத்தவர். அவருக்கே வரவில்லை என்றால் தப்பு தாளில்தான் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஐந்து பேர் பங்கும் சேர்ந்திருக்கிற ஸ்கோரைப் பிரித்துப் பார்த்தேன். முதல் பாரிலிருந்து நாற்பது வரை அவருக்கு ஒரு பார்கூட ஓய்வு இல்லை. கணினியில் போட்டுக் கேட்டபோது அவ்வளவு அழகாக இருந்த பாட்டு அது. கணினிக்கு உதடும் கிடையாது, மூச்சும் கிடையாது, அதனால் அது இதைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.

அதிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று மனதில் கிடக்கிறது. நாங்கள் டொரண்டோவில் ஒரு சின்னக் குழு. பிராஸ் குவின்டெட் என்பார்கள்: இரண்டு ட்ரம்பெட், ஒரு பிரெஞ்சு ஹார்ன், ஒரு ட்ரோம்போன், ஒரு டியூபா. ட்ரோம்போன் நான். பகலில் எல்லோருக்கும் வேறு வேலை இருக்கிறது, வாரம் ஒருமுறை ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுகிறோம். முதியோர் இல்லங்கள், நூலகங்கள், கோடை வந்தால் பூங்கா என்று வாசிக்கிறோம். கேட்க வருகிறவர்கள் விரும்புவது பழைய ஜாஸும் பழைய சினிமாப் பாட்டும்தான். அவற்றை ஐந்து வாத்தியத்துக்குப் பிரித்து எழுதுவது பல வருஷமாக என் பொறுப்பு.

ஏன் நாமே எழுத வேண்டும், கடையில் கிடைக்காதா என்று கேட்பார்கள். கொஞ்சம் கிடைக்கும். ஆனால் இந்தக் கூட்டணிக்கென்றே பெரிய மேதைகள் எழுதி வைத்துவிட்டுப் போனது மிகக் குறைவு. நான்கு தந்தி வாத்தியங்களுக்கு ஹைடன் காலத்திலிருந்தே குவியல் குவியலாக இருக்கிறது. பித்தளைக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 19-ஆம் நூற்றாண்டு முடிந்து 20 பிறக்கிற காலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் விக்டர் எவால்ட் என்பவர் சில குவின்டெட்டுகள் எழுதினார். தொழிலால் அவர் சிவில் இன்ஜினியர், அந்தத் துறையில் பேராசிரியர். இன்றைக்கும் நாங்கள் எல்லோரும் அவரைத்தான் வாசித்துக் கற்றுக்கொள்கிறோம். 1961-இல் இங்கிலாந்தின் மால்கம் ஆர்னால்ட் ஒன்று எழுதினார், அது அடுத்த பெரிய படி. மற்றபடி இந்தக் கூட்டணி உயிர் பிழைத்ததே மற்றவர்களுடைய பாட்டை எடுத்துத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டதால்தான். இதை ஊருக்கெல்லாம் காட்டியது 1970-இல் இதே டொரண்டோவில் தொடங்கிய கனேடியன் பிராஸ். செவ்வியல் மேதை பாக்கையும் ஜாஸ் பியானோக்காரர் ஃபேட்ஸ் வாலரையும் ஒரே மேடையில் வாசித்தார்கள், இரண்டுக்கும் ஒரே மரியாதை கொடுத்தார்கள். அவர்களுக்கு ஜாஸ் பாட்டுகளை எழுதித் தந்தவர்களில் முக்கியமானவர் லூதர் ஹென்டர்சன். ஜாஸ் குழுத் தலைவர் ட்யூக் எலிங்டனோடு வேலை செய்தவர், நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயில் பல நாடகங்களுக்கு இசைக்கோவை செய்தவர். அவர் எழுதிய பக்கங்களை முதன்முதலில் பார்த்தபோது நோட்டு என்கிற ஸ்வரக் குறிகளைவிட வெள்ளை இடம் அதிகமாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. அது ஏன் என்று புரிய எனக்கு வருஷங்கள் ஆயின.

நான் வளர்ந்தது நாகர்கோவிலில். பித்தளை வாத்தியம் எனக்குத் தேவாலய பேண்டில் வந்தது. ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் சித்தப்பா அதில் குட்டி டியூபா மாதிரியான யூஃபோனியம் வாசிப்பார், எனக்கு ட்ரோம்போன் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். ஈஸ்டர் அன்று விடியற்காலை இருட்டில் தெருத்தெருவாக வாசித்துக்கொண்டு போவோம். பாமாலை என்ற தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் உள்ள பாட்டுகள்தான், நான்கு குரலுக்கு எழுதியவை. பதினைந்து பதினாறு பேர் இருப்போம். புதுப் பாட்டு கையில் வந்தால் நான் முதலில் கஷ்டமான இடம் எது என்று தேடுவேன். சித்தப்பா தாளைப் பிடுங்கி, பென்சிலையும் கையில் கொடுத்து, "அதெல்லாம் பெறகு பாக்கலாம் மக்ளே, மூச்சு எங்க எடுப்ப? அத மொதல்ல குறி" என்பார். ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஒரு சின்ன காற்புள்ளி போடுவேன். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் இசைப் பாடம்.

ஆனால் பாமாலைப் பாட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். அடி முடிகிற இடத்தில் எல்லோரும் சேர்ந்து மூச்சு எடுப்போம். அப்படியும் நடுவில் யாருக்காவது முடியாமல் போனால் பக்கத்தில் அதே பார்ட், அதாவது அதே பங்கு, வாசிக்கிற இன்னும் இரண்டு பேர் தாங்கிக்கொள்வார்கள், கேட்கிறவருக்குத் தெரியாது. குவின்டெட்டில் ஒரு பார்ட்டுக்கு ஒரே ஆள். நீங்கள் வாத்தியத்தை இறக்கினால் அந்த ஸ்வரம் உலகத்திலேயே இல்லை. டொரண்டோ வந்து நான் முதலில் எழுதிய ஏழெட்டுப் பாட்டுகளையும் பாமாலை மாதிரியே எழுதியிருந்தேன்: ஐந்து பேரும் ஆரம்பித்து, ஐந்து பேரும் சேர்ந்தே முடிப்பார்கள். மூன்று நிமிஷத்துக்குத் தாங்கும். ஒரு மணி நேரக் கச்சேரியில் அப்படி நான்கு பாட்டு வந்தால் கடைசியில் மேல் ஸ்தாயி எதுவும் வெளியே வராது.

பியானோ வாசிக்கிறவர் இரண்டு மணி நேரம் விடாமல் வாசிக்கலாம். பித்தளை வாத்தியத்தில் ஒலி பிறப்பதே உதட்டில். மவுத்பீஸின் விளிம்பு உதட்டில் அழுத்த அழுத்த ரத்த ஓட்டம் குறையும், தசை சோரும், முதலில் மேல் நோட்டு போகும், பிறகு சன்னமாக வாசிக்கிற திறமை போகும். நாலு பார் வாத்தியத்தை இறக்கினால் பாதி திரும்பி வந்துவிடும். அந்த நாலு பாரைப் பாட்டுக்குள் எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் எழுதுகிறவன் வேலையில் பாதி என்று இப்போது நான் உறுதியாக நம்புகிறேன். முதல் ட்ரம்பெட் ஓய்வெடுக்கும்போது மெட்டு வேறு யாரிடமாவது போக வேண்டும். அப்படிக் கைமாறுவதால்தான் பாட்டுக்கு நிறம் மாறுகிறது. ஓய்வுக்காகச் செய்தது அழகாகவும் ஆகிவிடுகிறது.

ஃபேட்ஸ் வாலரின் 'எய்ன்ட் மிஸ்பிஹேவின்' பாட்டை எடுத்துக்கொள்கிறேன். 1929-இல் ஹார்லெமில் 'ஹாட் சாக்லேட்ஸ்' என்ற மேடை நிகழ்ச்சிக்காக வந்தது. ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் அதில் இந்தப் பாட்டை வாசித்துப் பாடித்தான் நியூயார்க்கில் பெரிதாகப் பேசப்பட்டார். வாலர் பியானோவில் இடது கையை வாசிக்கிற பாணிக்கு ஸ்ட்ரைட் என்று பெயர்: நான்கு தட்டில் ஒன்றாவதிலும் மூன்றாவதிலும் அடியில் ஒரு கனமான நோட்டு, இரண்டிலும் நான்கிலும் நடுவில் ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சில ஸ்வரங்கள். கை பலகையின் மேல் இங்கும் அங்கும் தாவும். இதை ஐந்து பேருக்குப் பிரிப்பது இயல்பாகவே அமைகிறது. கனமான நோட்டு டியூபாவுக்கு, நடுக் கார்டு ஹார்னுக்கும் ட்ரோம்போனுக்கும், மேலே இரண்டு ட்ரம்பெட். இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் டியூபாக்காரருடைய நிலைமை. டியூபாவில் அடி நோட்டைப் பலமாக ஊதினால் காற்று குடம் கவிழ்த்த மாதிரி காலியாகும். ஜாஸில் வாக்கிங் பேஸ் என்று ஒன்று உண்டு, பாருக்கு நான்கு நோட்டு இடைவெளியில்லாமல் நடந்துகொண்டே போகும். டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை விரலால் மீட்டுகிறவருக்கு அது சுலபம், டியூபாவில் மூச்சு எடுக்க இடமே இருக்காது. ஸ்ட்ரைட் பாணியில் ஒன்று, மூன்று மட்டும்தான் அவருடையவை. இரண்டிலும் நான்கிலும் அவர் ஒரு மிடறு காற்று குடித்துக்கொள்ளலாம். இந்தப் பாட்டின் தொடக்கமும் டியூபாவுக்கென்றே பிறந்தது: ஈ ஃபிளாட்டில் தொடங்கி ஈ, எஃப், எஃப் ஷார்ப், ஜி என்று அரை அரைப் படியாக அடித்தளம் ஏறுகிறது, மேலே மெட்டு கவலையில்லாமல் உலாத்துகிறது. இதை எழுதும்போது மற்றவர்களுக்கெல்லாம் மெல்ல என்று போட்டேன். அந்த ஏற்றம் கேட்க வேண்டும்.

முப்பத்திரண்டு பார் பாட்டு, எட்டு எட்டாக நான்கு துண்டு, மூன்றாவது துண்டு மட்டும் வேறு மெட்டு. முதல் எட்டு முதல் ட்ரம்பெட், இரண்டாவது எட்டு ஹார்ன், மூன்றாவது எட்டு ட்ரோம்போன், கடைசி எட்டில் இரண்டு ட்ரம்பெட்டும் சேர்ந்து. இப்படிப் போட்டால் முதல் ட்ரம்பெட்டுக்கு நடுவில் பதினாறு பார் கிடைக்கிறது. அந்தப் பதினாறிலும் ஆசைப்பட்டு அங்கங்கே ஒரு துணுக்கு எழுதத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அழித்துவிட்டேன்.

கார்டுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜாஸ் கார்டில் ஐந்து, ஆறு, சில சமயம் ஏழு ஸ்வரம் இருக்கும். நம்மிடம் ஐந்து பேர், அதில் ஒருவர் மெட்டு, ஒருவர் அடித்தளம். மிச்சம் மூன்று பேர். அந்த மூன்றில் இரண்டு பேர் அடித்தள ஸ்வரத்திலிருந்து எண்ணினால் மூன்றாவதாகவும் ஏழாவதாகவும் வருகிற ஸ்வரங்களை கட்டாயம் பிடிக்க வேண்டும், கார்டின் குணத்தைச் சொல்வது அந்த இரண்டும்தான். மூன்றாமவருக்கு ஒன்பதாவதோ பதின்மூன்றாவதோ. ஐந்தாவது ஸ்வரத்தை விட்டுவிடலாம், காது அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். அப்புறம் டியூபாவுக்கும் அதற்கு மேலிருக்கிற ட்ரோம்போனுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட வேண்டும். கீழ் ஸ்தாயியில் இரண்டு நோட்டை நெருக்கி வைத்தால் கலங்கிய தண்ணீர் மாதிரி ஆகிவிடும். பியானோ தாளைப் பார்த்து அப்படியே இறக்குகிறவர்கள் எல்லோரும் முதலில் தடுக்கி விழுகிற இடம் இது.

நெருக்கம், இடைவெளி பற்றிப் பேசினால் எலிங்டனிடம் போகாமல் முடியாது. 1930-இல் வந்த 'மூட் இண்டிகோ'வின் முதல் சில நொடிகளைக் கேளுங்கள், அதற்கு மேல் படிக்க வேண்டாம், கேட்டுவிட்டு வாருங்கள். மூன்றே வாத்தியம்: ட்ரம்பெட், ட்ரோம்போன், கிளாரினெட். யாரும் எழுதினால் கிளாரினெட்டை மேலே வைப்பார்கள், ட்ரம்பெட்டை நடுவில், ட்ரோம்போனைக் கீழே. எலிங்டன் கிளாரினெட்டைத் தூக்கி அடியில், அதன் மரவாசனை அடிக்கிற கீழ் ஸ்தாயியில் வைத்தார். மியூட் (வாத்தியத்தின் வாயில் வைத்து ஒலியை மங்க வைக்கிற அடைப்பு) போட்ட ட்ரம்பெட் மேலே. அதை ஒட்டியபடி, தன் எல்லையின் உச்சியில், மியூட் போட்ட ட்ரோம்போன். கேட்கும்போது அது மூன்று வாத்தியமாகவே தெரியாது. புகை மாதிரி ஒரே பொருளாக எழும்பும். பேர் தெரியாத ஒரு வாத்தியம் என்றுதான் சிறுவயதில் நினைத்தேன்.

இதைக் குவின்டெட்டுக்கு எழுத எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது. முதலில் ஐந்து பேருக்கும் பங்கு கொடுத்தேன். புகை போய்விட்டது. நல்ல கெட்டியான, சாதாரணமான கார்டு ஒன்று மிஞ்சியது. அப்புறம் இரண்டாவது ட்ரம்பெட்டையும் டியூபாவையும் முதல் சுற்று முழுக்க எடுத்துவிட்டேன். மேலே முதல் ட்ரம்பெட் கப் மியூட்டோடு, அதற்கு நெருங்கி நான், கிளாரினெட் இருந்த பள்ளத்தில் ஹார்ன். ஹார்னின் கீழ் ஸ்தாயிக்குக் கம்பளி போர்த்திய மாதிரி ஒரு மங்கல் உண்டு, அது கிளாரினெட்டின் மரத்தன்மைக்குப் பக்கத்தில் வருகிறது. ஏ ஃபிளாட் சுருதியில் வைத்தேன், அதற்கு மேலே போனால் என் உதட்டுக்கு எட்டாது. ஒத்திகையில் முதல் தடவை மூன்று பேரும் சேர்ந்து அந்தக் கார்டைத் தொட்டபோது, வாசிக்காமல் உட்கார்ந்திருந்த டியூபாக்காரர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாம் சுற்றில் அவர் நுழைகிறார், ஒரே ஒரு நீண்ட அடி நோட்டு. அதுவரை அவர் இல்லாததால்தான் அந்த நோட்டுக்குத் தரை திறந்த மாதிரி ஓர் ஆழம் கிடைக்கிறது.

சினிமாப் பாட்டுகளில் எனக்குப் பாடம் சொன்னது ஹென்றி மான்சினியின் 'மூன் ரிவர்', 1961. படத்தில் அதைப் பாடிய நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் தொழில்முறைப் பாடகி இல்லை, அவர் குரல் எட்டுகிற எல்லை சின்னது. மான்சினி அதைக் கணக்கில் வைத்து, ஒரு ஆக்டேவும் (ஒரு முழு ஸ்தாயி) அதற்கு மேல் ஒரே ஒரு நோட்டும் என்ற அளவுக்குள் முழு மெட்டையும் அடக்கினார். குறிப்பிட்ட ஒரு மனிதருடைய தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதனால் என்ன ஆயிற்று என்றால், அது எல்லோருக்கும் பொருந்திவிட்டது. நான் அதை பி ஃபிளாட் சுருதிக்கு மாற்றினேன். ட்ரம்பெட்டுக்கு நடுவயிற்றில் விழுகிறது, ஹார்னுக்கு அதன் மிக அழகான மேல்பகுதியில் விழுகிறது, ஒரு ஆக்டேவ் இறக்கினால் எனக்கு, இன்னொரு ஆக்டேவ் இறக்கினால் டியூபாவுக்கு. கடைசிச் சரணத்தை டியூபாவிடமே கொடுத்தேன், மற்ற நான்கு பேரும் மியூட் போட்டு மூன்று தட்டில் மெல்ல ஊஞ்சலாட்டுவோம். ஒரு முதியோர் இல்லத்தில் அந்த இடம் வந்தபோது முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பாட்டி உதட்டை அசைத்து முழுச் சரணத்தையும் பாடினார், சத்தமில்லாமல். டியூபாவின் வேகம் அவருடைய மூச்சுக்குச் சரியாக இருந்தது.

'ஓவர் த ரெயின்போ' அதற்கு நேர் எதிர். 1939, இசை ஹெரால்ட் ஆர்லென். முதல் இரண்டு நோட்டு ஒரு முழு ஆக்டேவ் தாவல். பாடுகிறவருக்கு அது ஏக்கம். ட்ரம்பெட்டுக்கு அது ஒரு சோதனை. ஈ ஃபிளாட் சுருதியில் வைத்தால் இரண்டு நோட்டுக்கும் விரல் ஒன்றுதான், முதல் வால்வு (விரலால் அழுத்துகிற பொத்தான்). விரல் எதுவும் மாறாது, உதடும் காற்றும் மட்டும் மாற வேண்டும். ஒரே குழாயில் அந்த இரண்டு நோட்டுக்கும் நடுவே இன்னும் இரண்டு நோட்டுகள் வழியில் உட்கார்ந்திருக்கின்றன, அவற்றைத் தொடாமல் தாண்ட வேண்டும். புத்துணர்ச்சியோடு இருக்கிற உதட்டுக்கு ஒன்றுமில்லை. களைத்த உதடு நடுவில் ஒன்றை உரசிவிடும், எல்லோருக்கும் கேட்கும். போன மாதம் நாற்பதாவது பாரில் நின்றுபோனது இந்தப் பாட்டுதான். அந்தத் தாவல் பாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது, அத்தனையையும் ஒருவரிடமே கொடுத்திருந்தேன். இப்போது முதல் முறை ஹார்ன், இரண்டாவது இரண்டாம் ட்ரம்பெட், கடைசியில் மட்டும் முதல் ட்ரம்பெட். அதுவும் அதற்கு முன்னால் அவருக்கு ஆறு பார் முழு ஓய்வு. தாவலின் கீழ் நோட்டை நான் வாசித்து மேல் நோட்டை அவர் எடுத்துக்கொள்வதாகவும் ஒரு முறை எழுதிப் பார்த்தேன். சுத்தமாக வந்தது, ஆனால் ஏக்கம் போய்விட்டது. தாவுகிற முயற்சி ஒரே ஆளிடம் இருந்தால்தான் அது ஏக்கம்.

ஸ்விங் என்று சொல்கிற அந்த ஆட்டத்தை எப்படி எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். எழுத முடியாது. தாளில் சமமான நோட்டுகளாகத்தான் போடுவோம், வாசிக்கும்போது முதலாவது நீளும், இரண்டாவது சுருங்கும். மெதுவான பாட்டில் அந்த வித்தியாசம் பெரிது, வேகம் கூடக்கூட இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். எங்கள் ஹார்ன் வாசிக்கிற பெண் முழுக்க சிம்பொனி மரபில் பயின்றவர். தொடக்கத்தில் கணக்காக மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்று வாசித்தார், நொண்டியது. அப்புறம் நான் வாத்தியத்தை இறக்கச் சொல்லி, வாயால் "தூ-தா தூ-தா தூ-தாத்" என்று சொல்லிக்காட்டினேன். அவர் திருப்பிச் சொன்னார், உடனே வந்துவிட்டது. தவில்காரர் பிள்ளைக்குச் சொற்கட்டை வாயில் ஏற்றிவிட்டுத்தானே கையைத் தொடவிடுகிறார்.

மியூட்டுகள் பற்றித் தனியாகவே எழுதலாம். சுருக்கமாக ஒன்று மட்டும்: போடவும் கழற்றவும் நேரம் கொடுங்கள், நடுத்தர வேகத்தில் குறைந்தது இரண்டு பார். டியூபா மியூட் ஒரு வாளியை விடப் பெரியது, அதற்கு இன்னும் அதிகம். ப்ளஞ்சர் மட்டும் விலையில்லாத சந்தோஷம், ஹார்டுவேர் கடையில் குழாய் அடைப்பெடுக்க விற்கிற ரப்பர் கிண்ணம்தான். குச்சியைக் கழற்றிவிட்டு ட்ரோம்போனின் ஒலி வெளிவருகிற அகன்ற வாயில் வைத்து மூடித் திறந்தால் வாத்தியம் பேசும். எலிங்டன் குழுவில் ஜோ நான்டன் அதை வைத்தே ஒரு மொழியை உண்டாக்கினார்.

அனுமதி விஷயமும் உண்டு. உரிமை உள்ள பாட்டை மாற்றி எழுதி வெளியிடுவதானால் உரிமையாளரைக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1929-இல் வெளியான பாட்டுகள் 2025 ஜனவரி 1 முதல் பொதுச் சொத்தாகிவிட்டன, வாலர் பாட்டு அதில் சேர்த்தி. மற்ற நாடுகளில் கணக்கு வேறு, உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துச் சினிமாவிலும் இந்த ரத்தம் ஓடுகிறது. பம்பாயில் சிக் சாக்லேட் என்று அழைக்கப்பட்ட கோவாக்கார ட்ரம்பெட் கலைஞர், இசையமைப்பாளர் சி. ராம்சந்திராவோடு சேர்ந்து 1951-இல் 'அல்பேலா' படத்தில் வேலை செய்தார், ஓட்டல் மேடையிலிருந்த ஜாஸ் அவரைப் போன்றவர்கள் வழியாக இந்திப் பாட்டுக்குள் நடந்து வந்தது. சென்னையில் எம்.எஸ்.வி.யும் ராமமூர்த்தியும் லத்தீன் தாளங்களோடு விளையாடினார்கள். 1964-இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் 'அவளுக்கென்ன' பாட்டைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு ஒலிப்பதிவாவதையே திரையில் காட்டுவார்கள், எம்.எஸ்.வி. நின்று நடத்துவார், டி.எம்.எஸ். மைக் முன்னால். சித்தப்பா வீட்டு டிவியில் அது வந்தால் அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, வாத்தியக்காரர்கள் வருகிற ஷாட்டுக்காக உட்கார்ந்திருப்பார்.

இந்தக் கோடைக்கு அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாட்டில் வருகிற பாங்கோ மேளத்துக்கு எங்களிடம் ஆள் இல்லை, அந்தத் தாளத்தை ஹார்னும் இரண்டாம் ட்ரம்பெட்டும் சின்னச் சின்ன உலர்ந்த நோட்டுகளாகப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர், இருவருக்கும் மூச்சுக்கு இடம் இருக்கிறது. எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் ஹார்மன் மியூட் போட்ட முதல் ட்ரம்பெட்டுக்கு. டி.எம்.எஸ். எனக்கு, அந்தத் திறந்த தொண்டைக்கு ட்ரோம்போன்தான் சரி. தாள் மேஜையில் இருக்கிறது, இன்னும் ஒரு நோட்டும் என் பார்ட்டில் எழுதவில்லை. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, கையில் பென்சிலோடு, அவர் மூச்சு எடுக்கிற இடங்களை மட்டும் குறித்துக்கொண்டிருக்கிறேன். சரணத்தில் எல்லாம் கிடைத்துவிட்டது. பல்லவியில் ஒன்று மட்டும் எவ்வளவு கேட்டும் இன்னும் பிடிபடவில்லை.